பொலி அளந்த இடம்

வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டைப் புரட்டினால் களத்துமேடு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. திண்டிவனம் பக்கத்திலும் விழுப்புரம் பக்கத்திலும் பல ஊர்களுக்கு ஏரி, ஓடை, பாட்டை, மயானம், மேய்க்கால் என்று போகும் வரிசையில் ஏதோ ஒரு புல எண்ணுக்கு நேரே ‘களம் புறம்போக்கு’ என்று எழுதியிருக்கும். அந்த எண்ணைத் தேடிப் போனால் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி நிற்கும். இல்லையென்றால் நியாயவிலைக் கடை, அங்கன்வாடி, தொகுப்பு வீடுகள், சீமைக்கருவேலம் புதர். கட்டியவை எதுவும் வீண் கட்டடமில்லை. ஊருக்குத் தண்ணீரும் அரிசியும் வேண்டும்தான். ஆனால் அந்த இடத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த ஒரு காரியம் நின்றுபோய்விட்டது. அதற்கு யாரும் எள்ளும் தண்ணீரும் இறைக்கவில்லை.

கதிரடித்து நெல் காயவைக்கும் இடம் என்றுதான் களத்தை இன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அது பாதிதான். காயவைக்க மட்டும் என்றால் ஊராட்சிகள் கட்டிக்கொடுத்திருக்கும் சிமென்ட் உலர்களமே போதும். நான் துக்கம் விசாரிக்க வந்திருப்பது வேறொன்றுக்கு. ஊரில் ஒவ்வொருவரும் அந்த வருஷம் மண்ணில் என்ன செய்தார், அதற்கு மண் என்ன கொடுத்தது என்பது எல்லோர் கண்முன்னும் கொட்டி அளக்கப்பட்ட இடம் அது. நன்றாக விளைந்ததும் தெரியும், கெட்டுப்போனதும் தெரியும். சிறு விவசாயிகளின் அறிவு எங்கே உண்டாயிற்று என்று என்னைக் கேட்டால், கழனியில் பாதி, களத்தில் பாதி என்பேன். கழனியில் அவரவர் தனியாகச் செய்து பார்த்தார்கள். செய்தது சரியா தப்பா என்பது களத்தில்தான் தெரிந்தது.

தை பிறப்பதற்கு முன்பே களத்தைத் தயார் செய்யும் வேலை தொடங்கிவிடும். ஊருக்கு ஓரமாய், தண்ணீர் தேங்காமல் வடியும்படி மேடாகவும், காற்றை மறைக்க மரமோ வீடோ இல்லாத வெட்டையாகவும் இருக்கிற இடம்தான் களத்துக்கு ஆகும். மழைக்கு முளைத்த புல்லைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, மாடுகளை மேலே ஓட்டி மிதிக்கவிடுவார்கள். மண் இறுகியதும் சாணத்தைக் கரைத்து மெழுகுவார்கள். தரை சரியாக அமையாவிட்டால் நெல்லில் கல்லும் மண்ணும் கலந்துவிடும். வீட்டுப் பெண்கள் அரிசி களையும்போதெல்லாம், அடுத்த அறுப்பு வரைக்கும், அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

அறுத்த கதிரைக் கட்டி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து போட்டதும் முதல் அடி. கட்டைக் கயிற்றில் வளைத்துப் பிடித்து ஓங்கி இரண்டு மூன்று அடி. அதிலேயே உதிர்ந்துவிடுகிற நெல்தான் நன்றாக முற்றிய நெல். அடுத்த வருஷத்து விதையை அதிலிருந்துதான் எடுத்தார்கள். அதற்குப் பிறகும் தாளில் ஒட்டிக்கொண்டிருப்பதை உதிர்க்க, மாடுகளை வரிசையாகப் பிணைத்து வைக்கோல்மேல் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். பிணையலில் விழுந்த நெல் சாப்பாட்டுக்கும் கூலிக்கும். முற்றாத நெல் தாளை விடாது, தாளை விடாத நெல் விதைக்கு ஆகாது, இவ்வளவுதான் விதி. இதற்குச் சல்லடை வேண்டாம், கருவி வேண்டாம். எடுத்த விதையைப் பகல் வெயிலிலும் இரவுப் பனியிலும் மாற்றி மாற்றிக் காயப்போட்டு, வேப்பிலையோ நொச்சியிலையோ கலந்து குதிரில் கொட்டி மூடுவார்கள்.

பிறகு தூற்றுவது. பிற்பகலில் மரக்காணம் பக்கமிருந்து கடற்காற்று ஏறி வரும். அதற்காகவே காத்திருந்து, முறத்தைத் தலைக்குமேல் தூக்கி மெல்ல மெல்லச் சரிப்பார்கள். கனத்த நெல் காலடியில் விழும். கருக்காய் ஒரு முழம் தள்ளி விழும். பதர் அதற்கும் அப்பால் பறந்துபோய் விழும். அந்த மூன்று குவியலும் அந்தக் கழனியின் நான்கு மாதக் கதையைச் சொல்லிவிடும். பூ எடுக்கும் நேரத்தில் மழை அடித்திருந்தால் பதர் கூடும். பால் பிடித்த பிறகு தண்ணீர் இல்லாமல் போயிருந்தால் கருக்காய் கூடும். நாவாய்ப்பூச்சி விழுந்த கழனி என்றால் மாடே காட்டிக்கொடுக்கும். அந்த வைக்கோலில் ஒரு வாடை தங்கிவிடும், மாடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கும். இத்தனையும் யார் வீட்டுக்குள்ளும் நடக்கவில்லை. பக்கத்தில் இன்னொருத்தர் தன் கட்டை அடித்துக்கொண்டிருப்பார், அதற்குப் பக்கத்தில் இன்னொருத்தர். எல்லோருக்கும் கண் இருந்தது.

கடைசியில் பொலியை, அதாவது தூற்றிய நெல் குவியலை, அளப்பது. முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். பிறகு இரண்டு, மூன்று என்று உரத்த குரலில் எண்ணிக்கை போகும். களத்தில் நிற்கும் குழந்தைக்கும் அது கேட்கும். இன்னார் கழனி காணிக்கு இத்தனை மூட்டை கண்டது என்பது அன்று சாயங்காலமே ஊர் முழுக்கத் தெரிந்த செய்தி. காணி என்பது எங்கள் பக்கத்து அளவு, நூறு குழி. ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே வரும். விளைச்சலை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன ஏற்பாடு இன்றைக்கு எதுவும் இல்லை. மகசூல் போட்டியில் பரிசு வாங்கியவரின் கணக்குதான் நமக்குத் தெரியும். தோற்றவரின் கணக்கு தெரியாது. களத்தில் தோற்றவரின் பொலியும் வெயிலில்தான் கிடந்தது, அதைச் சுற்றித்தான் அதிகப் பேச்சு நடந்தது.

அந்தப் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

“என்னா மாமா, போன வருஷமும் இதே கழனிதானே? இப்படிக் கொறஞ்சி போச்சே.”

“நாத்து முத்திப்போச்சுடா. ஏரியில தண்ணி வரட்டும் வரட்டும்னு பாத்துக்கினே இருந்துட்டேன். நாப்பது நாளு தாண்டிதான் பிடுங்குனது. தூரே கட்டல.”

“முத்துன நாத்துன்னா குத்துக்கு ரெண்டு கூட வச்சி நெருக்கி நட்டிருக்கலாம்ல?”

வைக்கோலை ஒதுக்கிக்கொண்டிருக்கும், அந்தக் கழனியில் நாற்று நட்ட அம்மாள் யாரையும் பார்க்காமல் சொல்லுவார்: “நடும்போதே சொன்னேனுங்க. நாத்து பத்தாதுன்னுட்டாங்க.”

இந்த நான்கு வரிகளில் ஒரு சோதனை இருக்கிறது, அதன் முடிவு இருக்கிறது, காரணம் இருக்கிறது, அடுத்த வருஷத்துக்கான திருத்தம் இருக்கிறது. நட்ட கைக்குத் தெரிந்ததைக் கழனிக்காரர் கேட்கவில்லை என்ற வழக்கும் இருக்கிறது. நடும்போது அந்த அம்மாளின் சொல்லுக்கு மதிப்பில்லை. பொலி சிறுத்துக் கிடக்கும் இடத்தில் அதை மறுக்க யாராலும் முடியாது. முற்றிய நாற்றை நெருக்கி நட வேண்டும் என்பதை வேளாண்மைக் கல்லூரியும் சொல்லித் தருகிறது. களத்தில் நின்றவர்கள் அதை ஒரு மனிதரின் நஷ்டத்தோடு சேர்த்துக் கேட்டார்கள். அவர் கழனி எந்த மடையில் இருக்கிறது, அங்கே எப்போது தண்ணீர் ஏறும், அந்த வருஷம் கிடை கட்டினாரா, தழை போட்டாரா என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே எது காரணம், எது காரணமில்லை என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

பாரம்பரிய அறிவு என்றதும் ஆதிகாலத்திலிருந்து மாறாமல் வருகிற ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி நினைப்பவர்கள், மல்லாட்டை என்றும் மணிலா என்றும் நாங்கள் சொல்லும் நிலக்கடலையைப் பார்க்க வேண்டும். திண்டிவனம், செஞ்சி, விக்கிரவாண்டிப் பக்கத்துக் கொல்லைகளின் உயிரே அதுதான். ஆனால் அது தென் அமெரிக்காவில் பிறந்த செடி. கடல் கடந்து இங்கே வந்து சில நூற்றாண்டுகள்தான் ஆகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தென்னாற்காட்டு மணிலா புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு தேசத்து மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. பாட்டன் காலத்துக்கு முந்தைய பாடம் எதுவும் இல்லாத ஒரு பயிரை, அதன் ஒவ்வொரு குணத்தையும் கண்டுபிடித்து, சில தலைமுறைகளுக்குள் எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் பயிராக்கிக்கொண்டார்கள்.

என்னென்ன கண்டுபிடித்தார்கள்? செடி முற்றிவிட்டதா என்று பார்க்க இலையை மட்டும் நம்பாதே. காயைப் பிளந்து பார், தோட்டின் உள்பக்கம் கறுத்திருந்தால் பிடுங்கலாம். விதைக்காயை உடைக்காமல் தோட்டோடு வை. உடைத்த பருப்பு சீக்கிரம் செத்துப்போகும். விதைப்புக்குச் சில நாள் முன்னால் கையால்தான் உடைக்க வேண்டும். மெஷினில் போட்டால் தோல் கிழியும், மூக்கு ஒடியும், முளைக்காது. எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: மல்லாட்டை விதைக்கு ஆயுசு குறைவு, ஒரு வருஷம் வைத்திருந்து விதைத்தால் கொல்லை சொட்டை விழும். ஆகவே கிணற்றுப் பாசனத்தில் மார்கழியில் போட்டுச் சித்திரையில் பிடுங்கிய காய்தான் ஆடி மாத மானாவாரிக்கு விதை. ஆடியில் போட்டது மார்கழிக்கு விதை.

இந்த ஒரு விஷயம் ஊரையே பின்னிவிட்டது. கிணறு இல்லாத கொல்லைக்காரர் ஆடிக்கு விதை வேண்டுமென்றால் கிணறு உள்ளவரிடம் போக வேண்டும். மார்கழி வந்தால் கிணற்றுக்காரர் மானாவாரிக்காரர் வீட்டுத் திண்ணைக்கு வர வேண்டும். கைமாற்றாக வாங்கி, பிடுங்கியதும் கொஞ்சம் கூட்டித் திருப்பி அளப்பார்கள். காயோடு கூடவே தகவலும் போகும்: இது செம்மண் கொல்லைக் காய், களிமண்ணுக்கு ஏறாது, இது கொத்து ரகம், முளைப்பு உறங்காது, பிடுங்குற நேரத்தில் மழை பிடித்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும், விடாதே. விதையைக் கொடுத்தவருக்கு அது எப்படி விளைந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருந்தது. களத்துக்கு வந்து கையை விட்டு அளைந்து பார்ப்பார், ஒரு காயை எடுத்துக் காதருகே குலுக்குவார். பருப்பு காய்ந்திருந்தால் சத்தம் கேட்கும்.

ஆராய்ச்சி நிலையங்களும் இந்தக் களங்களுக்குக் கடன்பட்டவைதான். திண்டிவனத்தில் 1930-களில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கிருந்து 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்ற நிலக்கடலை தமிழ்நாட்டைத் தாண்டி ஆந்திரம், கர்நாடகம் வரை போய், பல பத்தாண்டுகள் கொல்லைகளை ஆண்டது. டி.எம்.வி. என்ற எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. அந்த ரகத்தைப் புதிதாக ஒட்டுச் சேர்த்து உண்டாக்கவில்லை. குடியாத்தம் பக்கத்து விவசாயிகள் பயிரிட்டுவந்த கொத்து ரகத்திலிருந்து நல்ல செடிகளாகப் பார்த்து எடுத்து, அவற்றின் விதையை ஒன்றாகச் சேர்த்துப் பெருக்கினார்கள். இதற்கு விஞ்ஞானத்தில் ஒரு பெயர் உண்டு, கூட்டுத் தேர்வு. களத்தில் பொலியைச் சுற்றி உட்கார்ந்து விதைக்காய் பொறுக்கிய பெண்கள் செய்ததும் அந்த வழியில்தான். நிலையம் அதை ஒழுங்காக, வருஷா வருஷம் எழுதிவைத்து, தவறாமல் செய்தது. அது பெரிய காரியம், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அதற்குக் கைமுதல் குடியாத்தத்துக் களங்களில் ஏற்கெனவே சேர்ந்திருந்தது.

இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்வது வழக்கம். களத்துமேட்டுக்கு அந்தச் சலுகையைத் தர எனக்கு மனமில்லை. பொலி அளந்தபோது எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. சேரியிலிருந்து வந்தவர்கள் தள்ளி நின்றார்கள். விற்பனைக்கு ஒரு மரக்கால், கூலிக்கு அதைவிடச் சிறிய மரக்கால் என்று வைத்திருந்த மிராசுகள் உண்டு. தலைமுறைக் கடனுக்குக் கட்டுண்ட படியாள், தான் உழுது விதைத்து அறுத்து அடித்த நெல்லில் கருக்காய் கலந்ததை வாங்கிக்கொண்டு போனார். பதினெட்டாம் நூற்றாண்டில் பக்கத்துச் செங்கல்பட்டுச் சீமையில் பார்னார்டு என்பவர் எடுத்த கணக்கெடுப்பைப் பார்த்தால், களத்திலிருந்து கணக்கர், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், ஏரி வேலைக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் மேரை, சுதந்திரம் என்ற பெயர்களில் பங்கு எடுத்துவைத்தது தெரியும். பலரும் அதைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். ஊரின் எல்லாத் தொழிலுக்கும் விளைச்சலில் பங்கு உண்டு என்ற ஏற்பாடு புகழத் தக்கதுதான். ஆனால் யாருக்கு எவ்வளவு என்பதைப் பிறப்பு தீர்மானித்தது, அதைத் திருத்தும்படி கேட்டவர் களத்தில் நிற்க முடியாது. அறிவு அங்கே பொதுவாக இருந்தது. நெல் பொதுவாக இல்லை.

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் எண்ணாயிரம் இருக்கிறது. முதலாம் இராசேந்திரன் காலத்தில், பதினோராம் நூற்றாண்டில், அங்கே ஒரு கல்லூரி நடந்தது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. வேதமும் இலக்கணமும் அங்கே கற்பித்தார்கள். அந்த நெல்லை விளைவித்தவர்கள் என்ன கற்றார்கள், யாரிடம் கற்றார்கள் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. எண்ணாயிரத்துக் கல்லூரி நின்று பல நூற்றாண்டு ஆயிற்று, கல்வெட்டு இருப்பதால் நமக்கு அது தெரியும். களத்துக்குக் கல்வெட்டு கிடையாது. நடந்துகொண்டிருந்த வரைக்கும்தான் அது இருந்தது.

எப்படிச் செத்தது என்று கேட்டால் பெரும்பாலோர் அறுப்பு மெஷினைக் கை காட்டுவார்கள். மெஷின் வந்தது கடைசியில். முதல் அடி மின் மோட்டாரிலிருந்து விழுந்தது என்பது என் கணிப்பு. ஏரிப் பாசனத்தில் ஊருக்கெல்லாம் ஒரே பட்டம். ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும், மதகைத் திறப்பார்கள், சம்பா நடுவார்கள், தையிலும் மாசியிலும் ஊரே ஒன்றாக அறுக்கும். எல்லாப் பொலியும் ஒரே பதினைந்து இருபது நாளில் ஒரே மேட்டில் பக்கத்தில் பக்கத்தில் குவியும். மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஏறியது. 1960-களில் ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 போன்ற குறுகிய கால நெல் வந்தது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று கிணறு உள்ளவர் தனக்குத் தோதான நாளில் நட்டார், தனக்குத் தோதான நாளில் அறுத்தார், மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்திலேயே ஒரு துண்டைச் செதுக்கி அடித்துக்கொண்டார். விளைச்சல் கூடியது. பஞ்சத்தின் நினைவு மாறாத ஊர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் பொலிக்குப் பக்கத்தில் பொலி இருந்தால்தான் ஒப்பிட முடியும். காலம் பிரிந்ததும் களம் பிரிந்தது.

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் இருவேல்பட்டு என்ற ஊர் இருக்கிறது. இந்தியாவில் இவ்வளவு நீண்ட காலம் திரும்பத் திரும்ப ஆராயப்பட்ட ஊர்கள் மிகச் சில. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தொடங்கிவைத்தார். பிறகு 1937, 1961, 1981, 2008 என்று வேறு வேறு ஆய்வாளர்கள் அதே ஊருக்குப் போனார்கள். நிலம் யார் கையில், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, சாதி எப்படி என்பதற்கு அங்கே தொண்ணூறு வருஷத்துக் கணக்கு இருக்கிறது. ஒரே குடும்பத்தின் பிடியில் இருந்த ஊர் எப்படி அந்தப் பிடியிலிருந்து விலகியது, சேரி மக்கள் எப்படி ஊருக்கு வெளியே வேலை தேடிக்கொண்டார்கள் என்பதை அந்த வரிசையில் வாசிக்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. அந்த மாற்றம் நேர வேண்டியதுதான்.

இரண்டாவது காரணம் அங்கேதான் இருக்கிறது. களத்தைத் தூக்கிப்பிடித்த கைகள் அதைவிட்டு நகர்ந்தன. சென்னைக் கட்டட வேலைக்கும் புதுச்சேரிக் கம்பெனிகளுக்கும் போனார்கள். 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் நாட்டின் முதல் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது விழுப்புரமும் அதில் இருந்தது. நூறு நாள் வேலையால் விவசாயம் கெட்டது என்று புலம்புகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறிய மரக்காலில் கூலி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் களத்துக்கு வரவில்லை என்றால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு இடத்தின் அறிவு அங்கே வேலை செய்பவர்களின் பொறுமையை நம்பியே நின்றால், அவர்களுக்குப் பொறுமை தீரும் நாளில் அதுவும் தீரும். கூலியையும் மரியாதையையும் முதலிலேயே சரிசெய்திருந்தால் களம் பிழைத்திருக்குமா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பிழைத்திருக்கும் என்றே நம்புகிறேன். ஆள் குறைந்திருக்கும், பேச்சு நின்றிருக்காது.

பிறகுதான் மெஷின். டயர் வண்டி, பெல்ட் வண்டி என்று மணிக்கணக்கு வாடகைக்கு வரும் அறுவடை இயந்திரம் கழனியிலேயே அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை டிராக்டர் டிப்பரில் கொட்டிவிடுகிறது. வைக்கோலை இன்னொரு மெஷின் உருளையாகச் சுருட்டிக் கட்டுகிறது. முதல் அடி, பிணையல் என்ற பிரிவே இல்லை. முற்றியதும் முற்றாததும் ஒன்றாக விழுகிறது. நேற்று இன்னொரு ஊரில் வேறு ரகத்தை அறுத்த வண்டியின் வயிற்றில் தங்கிய நெல் இன்றைக்கு நம் நெல்லோடு கலக்கிறது. ஆகவே மெஷினில் அறுத்ததை விதைக்கு எடுத்துவைக்க விவரம் தெரிந்தவர்கள் துணிவதில்லை. சொந்த விதை வைத்திருந்தவரும் அடுத்த பட்டத்துக்குக் கடைக்குப் போய்ச் சான்று அட்டை கட்டிய பை வாங்க வேண்டியிருப்பதற்கு இது ஒரு காரணம். ஈர நெல் நேராக வியாபாரியின் லாரிக்குப் போகிறது, அல்லது நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கு. அங்கே 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. பல்லில் கடித்துப் பார்த்துச் சொன்ன ஈரத்தை இப்போது ஒரு கருவி எண்ணாகக் காட்டுகிறது. கருவி சொல்வது துல்லியம். நெல் எந்தக் கழனியில் எப்படி விளைந்தது என்று கேட்க அங்கே யாருக்கும் வேலையில்லை. 40 கிலோ மூட்டையில் எல்லார் நெல்லும் ஒன்று.

வாரிசு என்று சொல்லத் தக்கவை சில உண்டு. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தோடு வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. பயிற்சியும் செயல்விளக்கத் திடலும் நடத்துகிறது. திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் 2006-இல் தொடங்கிய விதைத் திருவிழாவில் இரண்டு கிலோ பாரம்பரிய நெல் விதையைக் கொடுத்து, விளைந்ததும் நான்கு கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். களத்துக் கைமாற்றை அப்படியே எடுத்து ஊர் எல்லையைத் தாண்டி மாநில அளவுக்கு விரித்த ஏற்பாடு அது. 2018 டிசம்பரில் அவர் இறந்த பிறகும் அந்த வழியில் பல ஊர்களில் விதைத் திருவிழா நடக்கிறது. சட்டமும் பக்கத்தில் நிற்கிறது: பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001, விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் பகிரவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது; வணிகப் பெயர் ஒட்டி விற்கத்தான் கூடாது. உரிமை காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது. மாற்றிக்கொள்வதற்கு ஆட்கள் கூடிய மேடு இல்லை.

வாட்ஸ்அப் குழுக்களையும் யூட்யூப் படங்களையும் புதிய களம் என்கிறார்கள் இளைஞர்கள். அவர்களோடு வாதாட விருப்பமில்லை. அவற்றால் நன்மை உண்டு, புதுக்கோட்டையில் ஒருவர் செய்ததை மயிலத்தில் ஒருவர் அன்றைக்கே பார்க்கிறார். ஆனால் அங்கே வருவது பெரும்பாலும் ஜெயித்த பயிர். காணிக்கு இத்தனை மூட்டை எடுத்தேன், செலவு இவ்வளவு, வரவு இவ்வளவு. விட்டதைப் படம் எடுத்துப் போட யாருக்கும் மனம் வராது. களத்தில் அது விருப்பத்தைப் பொறுத்ததாக இல்லை. சிறுத்த பொலியை மறைக்க இடம் கிடையாது, மறைக்க வேண்டிய அவசியமும் அவ்வளவாக இல்லை, ஏனென்றால் அடுத்த வருஷம் வேறொருவரின் முறை. நஷ்டம் கூச்சத்துக்குரியதாக மாறியது பிறகுதான்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தென்பெண்ணையும் மலட்டாறும் கரை மீறின. இருவேல்பட்டிலும் வெள்ளம் புகுந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் கழனிகள் ஏரிகளாயின. பிறகு அவரவர் வரப்பில் நின்று கைபேசியில் படம் எடுத்து, சிட்டா அடங்கல் வாங்கி, வங்கிக் கணக்கு நகலோடு நிவாரணத்துக்கு மனு எழுதினார்கள். எழுத வேண்டியதுதான், அது அவர்களின் உரிமை. ஆனால் எந்த ரகம் எத்தனை நாள் தண்ணீருக்குள் தாங்கியது, எந்த மடையில் தண்ணீர் முதலில் வடிந்தது, நட்டு எத்தனை நாளான பயிர் திரும்பத் துளிர்த்தது என்று ஊர் கூடிப் பேசி முடிவுக்கு வர ஓர் இடம் இருந்திருந்தால், அந்த வெள்ளத்திலிருந்து அடுத்த வெள்ளத்துக்கு ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கும். மனுக்களில் விஸ்தீரணம் எழுத இடம் உண்டு. காரணம் எழுத இடமில்லை.

களத்துமேடு தனக்குப் பின்னால் விட்டுச்சென்றிருப்பவர்கள் யார் யார் என்று எழுதாமல் இரங்கல் முடியாது. தார்ச் சாலையில் கம்பையும் கேழ்வரகையும் பரப்பி, லாரி ஏறிப் போகட்டும் என்று ஓரத்தில் குந்தியிருக்கும் கிழவர்கள். எள்ளைக் கட்டுக் கட்டாகச் சாய்த்துக் காயவைத்து இன்னமும் கையால் தட்டி எடுக்கும் வீடுகள் சில. இவர்களைவிட நேரான வாரிசு விதை மல்லாட்டை உடைக்கும் பெண்கள்தான். மெஷினில் உடைத்த பருப்பு விதைக்கு ஆகாது என்ற ஒரே காரணத்தால் அந்த வேலை மட்டும் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. ஆடிக்கு முன்பும் மார்கழிக்கு முன்பும் திண்ணையிலும் மண்டிக் கொட்டகையிலும் வட்டமாக உட்கார்ந்து, கட்டை விரலாலும் சிறு கல்லாலும் காயை நசுக்கி, படிக்கு இவ்வளவு என்று கூலிக்கு உடைக்கிறார்கள். பொக்கு, சொத்தை, பூஞ்சணம் பிடித்தது, முற்றாதது எல்லாம் பார்க்காமலே விரலுக்குத் தெரிகிறது. இந்த மூட்டை மழையில் நனைந்து காய்ந்தது, இது கடைசித் தண்ணீர் இல்லாமல் வெம்பிய கொல்லை, இது நல்ல செம்மண் காய் என்று உடைத்துக்கொண்டே பேசிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கொல்லைக்காரர் அந்தப் பேச்சைக் கேட்டால் அடுத்த பட்டத்துக்கு உதவும். ஆனால் மண்டிக்கு வரும் மூட்டை யாருடைய கொல்லையில் விளைந்தது என்று உடைக்கிறவர்களுக்குத் தெரியாது. கொல்லைக்காரருக்கும் தன் காயை யார் உடைத்தார்கள் என்று தெரியாது.